திறந்து பார்க்கிறவருக்குக் கூலி கொடுங்கள்

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு என் கடைக்கு வருகிறவர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "வீட்டிலை நிக்கிற கொம்பியூட்டர் இனிச் சரிவராதாம். புதுசு எடுக்கட்டாம். எவ்வளவு முடியும்?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தட்டச்சு, பிரிண்ட், போட்டோக்கொப்பி என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வறிக்கை, கல்யாணக் காட், அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டு எல்லாம் பழைய டெஸ்க்டொப்புகளில்தான் நடக்கிறது. கொம்பியூட்டர் விற்கிறதும் திருத்துகிறதும் என் தொழில் இல்லை. நாள் முழுக்க அதற்கு முன்னால் இருந்து சோறு தேடுகிறவன் என்ற அளவில் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு முடியும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஆர் திறந்து பாத்தது?" பெரும்பாலும் ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். போனில் சொன்னதை வைத்தோ, ஓட்டோவில் இருந்து கேஸிங்கை இறக்கின கையோடோ, "இது பழசு, விடுங்கோ" என்று தீர்ப்பு வந்திருக்கும். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். டெஸ்க்டொப்பின் பக்கத் தகட்டைக் கழற்ற இரண்டு ஸ்குரூ. அதற்குள் இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. ராமை (வேலை நடக்கும்போது தேவையானதைத் தற்காலிகமாக வைத்திருக்கிற மெமரி) ஒட்டி, பற்றரியைப் பசை போட்டு அடைத்து வருகிற லப்டொப்புகளும் போன்களும் இருக்கிற காலத்தில், முழுக்க எங்கள் கைக்கு அடங்குகிற சாமான் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதையும் திறக்காமலே இரும்புக்குப் போடுகிறோம்.

"ஸ்லோ" என்று வருகிற முறைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டர் முழுக்க ஒரேயடியாகக் கிழடாவதில்லை. ஒரு பாகம் மற்றப் பாகங்களைக் காக்க வைக்கிறது. பத்து வருசப் பழைய டெஸ்க்டொப்பில் அது அனேகமாக ஹாட் டிஸ்க். அதற்குள் நிமிடத்துக்கு 7,200 தரம் சுழல்கிற தட்டும், அதன்மேல் நகர்ந்து வாசிக்கிற தலையும் இருக்கின்றன. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் வேண்டும். ஒவ்வொன்றையும் தேடிப் போக 10 மில்லிசெக்கன் அளவில் செல்லும். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சிப்களில் சேமிக்கிற எஸ்எஸ்டிக்குள் அசைகிற பாகம் ஒன்றும் இல்லை, அதே தேடல் 0.1 மில்லிசெக்கனுக்குள் முடியும். நூறு மடங்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கொம்பியூட்டரின் மூளையான ப்ரொசெசரில் இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மனேஜரைத் திறந்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சிபியு (அதுதான் ப்ரொசெசர்) 15, 20 வீதத்தில் சும்மா நிற்க, டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், ஹாட் டிஸ்க் இருந்த அதே இணைப்பில் பூட்டுகிற ஒரு சாட்டா எஸ்எஸ்டியோடு கதை முடிந்தது. மெமரி 90 வீதத்துக்கு மேல் நின்றால் ராம் காணாது. 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். ராம் வாங்கப் போகும்போது பழைய குச்சியைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ராம் வகைகள் மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. என் கடையில் கல்வெட்டு அடிக்கிற டெஸ்க்டொப் இன்டெல்லின் நாலாம் தலைமுறை ஐ5. ப்ரொசெசர் 2013 இல் வந்த வகை. எஸ்எஸ்டி போட்ட பிறகு, பிள்ளைகள் கொண்டு வருகிற நூறு பக்க வேர்ட் கோப்பை அது திறக்கிற வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகள் ஓ.எல் எடுக்க இருந்த நேரம். ஒன்லைன் வகுப்புப் பக்கம் திறக்கவில்லை, எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை. யாழ் நகரில் ஒரு கடைக்குக் கொண்டு போனார்கள். மதர்போட் (எல்லாப் பாகங்களையும் இணைக்கிற பெரிய பலகை) போய்விட்டது, இனிப் புதுசுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய் காசுக்கு நகை அடைவு வைக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் என்னிடம் கதைத்ததால், நான் வழக்கமாகத் திருத்தக் கொடுக்கிற தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தகட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. திரையின் வலப்பக்கக் கீழ் மூலையைக் காட்டினார். திகதி 2014 ஜனவரி 1.

மதர்போட்டில் ஐந்து ரூபாக் குற்றி அளவில் ஒரு பற்றரி இருக்கும். சீஆர் 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். அது செத்தால் ஒவ்வொரு முறையும் கொம்பியூட்டர் பழைய திகதியில் எழும்பும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2014 இல் நிற்கிற கொம்பியூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத ஒன்று, அதனால் கதவைச் சாத்துகிறது. தம்பி ஒரு நகத்தால் பழைய பற்றரியைக் கிளப்பிப் புதியதை அழுத்தினார், திகதியைச் சரிபண்ணினார், பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டாள். பற்றரி சில நூறு ரூபா.

பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் தம்பியிடம், "பற்றரிக் காசை மட்டும் தரவோ?" என்று கேட்டார். கெட்ட மனிசி இல்லை. எங்கள் எல்லோரின் பழக்கமும் அதுதான்.

இந்த ஊர் திருத்தத் தெரியாத ஊரா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். கரண்ட் இல்லாத வருசங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒஸ்ரின் சோமர்செற் கார்கள் பிறகும் எத்தனையோ வருசம் எங்கள் வீதிகளில் வாடகைக்கு ஓடின. அந்தக் கார்களை ஓட வைத்த மெக்கானிக்குக் கூலி கொடுக்க ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பொனற்றைத் திறந்தால் காசு என்று எல்லோருக்கும் தெரியும். கொம்பியூட்டர் திருத்துகிற பிள்ளைக்கு மட்டும் "ஒருக்காப் பாத்துச் சொல்லும் தம்பி" என்பதோடு முடித்துவிடுகிறோம்.

அந்தத் தம்பியின் பக்கத்தில் நின்று யோசியுங்கள். டெஸ்க்டொப் ஒன்று வருகிறது, போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அவர் பவர் சப்ளையை மாற்றிப் பார்ப்பார். மதர்போட்டில் கப்பாசிற்றர் ஏதாவது தலை வீங்கி நிற்கிறதா என்று லைற் அடித்துப் பார்ப்பார். ஒவ்வொரு ராமாகக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்ப்பார். எங்கள் ஊர் உப்புக் காற்றிலும் புழுதியிலும் அந்த விளிம்பு மங்கிப்போவது வழமை. திரும்ப இறுக்கிப் போட்டதும் எழும்பிவிடுகிறது. இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. மாற்றின சாமான் ஒன்றும் இல்லை. பில்லில் என்ன எழுதுவது? "றப்பராலை துடைச்சதுக்கோ காசு?" என்று கேட்பார்கள். இதே இரண்டு மணித்தியாலத்தில் ஒரு புதுக் கொம்பியூட்டரை விற்றிருந்தால் அதில் ஒரு லாபம், கேள்வி இல்லை, நன்றியும் கிடைக்கும். கஸ்தூரியார் வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ வாடகை கட்டி, பொடியனுக்குச் சம்பளமும் கொடுக்கிற கடைக்காரர் எதைச் சொல்லுவார்? கண்டுபிடிக்கிற வேலைக்கு நாங்கள் காசு கொடுக்காததால், கண்டுபிடிக்கிற வேலையே கடைகளில் இருந்து மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல கைகாரர்கள் ஒன்றில் விற்பனைக்குப் போகிறார்கள், அல்லது வெளிநாட்டுக்குப் போகிறார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். டெஸ்க்டொப்பைக் கொடுக்கும்போதே, "திறந்து பாருங்கோ, என்ன பிழை எண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு தாறன், திருத்தினாலும் திருத்தாட்டிலும் தாறன்" என்று பேசி வையுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றின பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். காசு முதலே பேசப்பட்டால், உங்களுக்குப் புதுசு விற்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை, உண்மையைச் சொல்லலாம். இன்னுமொன்று: படங்கள், ஆவணங்கள் உள்ளே இருந்தால் கேட்காமல் போமற் அடிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். செத்துப்போன தகப்பனின் படங்கள் அப்படி அழிந்துபோய் ஒருவர் என் கடையில் வந்து அழுதிருக்கிறார்.

எல்லாவற்றையும் திருத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஐ3, ஐ5 வகைகளுக்கு முன்னால் வந்த கோர் 2 டுவோ காலத்து டெஸ்க்டொப்பில் காசு போடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் மதர்போட்டே செத்துவிட்டால் அதே போட்டைத் தேடி அலைவது வீண். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைதல் படிக்கிற பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வேண்டும்தான். கம்பஸ் போகிற பிள்ளைக்கு லப்டொப் தேவை, அதில் வாதம் இல்லை.

ஆனால் "புதுசு" என்று விற்கப்படுவது என்ன என்றும் பாருங்கள். மதர்போட்டில் இருக்கிற எச்61 என்ற சிப்செட் (பாகங்களை ஒன்றோடொன்று பேச வைக்கிற சிப்) வந்தது 2011 இல். அந்த வகைப் போட்டுகளை இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதில் பாவித்த ப்ரொசெசரையும் டிடிஆர்3 ராமையும் போட்டு, கலர் லைற் காற்றாடி பூட்டின கண்ணாடிக் கேஸிங்கில் வைத்தால் பெட்டி மட்டும்தான் புதுசு. ஐ7 என்ற ஸ்ரிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம் தலைமுறை ஐ7 ஐ விட எட்டாம் தலைமுறை ஐ3 கெட்டி. ஐக்குப் பின்னால் வருகிற எண்ணை விட, அதற்கு அடுத்த தலைமுறை எண்ணைக் கேளுங்கள்.

காசு குறைவாக இருந்து, வீட்டில் இருப்பது உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றால், வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து கழிந்து வருகிற டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க் மாதிரியானவற்றில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் எடுங்கள். என்னைக் கேட்டால் மலிவுப் புதுசை விட இது நல்லது. ஒரு கவனம். ஒப்டிபிளெக்ஸ் பலதில் பவர் சப்ளையின் இணைப்பு டெல்லுக்கே உரியது, சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை நேராகப் பொருந்தாது. சின்னப் பெட்டி என்றால் பெரிய கிராபிக்ஸ் காட் ஒன்றும் இறங்காது. பிறகு கூட்டிக் குறைக்க யோசனை இருந்தால் பெரிய டவர் பெட்டியாகப் பாருங்கள்.

விண்டோஸ் 11 கதைக்கு வருவோம். இன்டெல் என்றால் அனேகமாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அது ஆதரிக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எட்டாம், ஒன்பதாம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கும் "இந்தக் கணினிக்கு ஏலாது" என்று வரும். பல இடங்களில் டிபிஎம், கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்பான பயோஸில் ஓஃப் ஆகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எப்டிபிஎம் என்று பெயர் இருக்கும். அதை ஓன் பண்ணினால் சரி. அதற்குக் கீழே உள்ள தலைமுறைகளுக்கு, பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கிற திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் வைத்திருக்கிறது. கொம்பியூட்டரின் செற்றிங்சைத் தங்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்து பக்கப் எடுக்கிறவர்களுக்குக் காசில்லாமலும் கிடைக்கிறது. பிள்ளைகளின் வகுப்பு, யூரியூப், மெயில் மட்டும்தான் என்றால் விண்டோசுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ற் போட்டுக் கொடுங்கள், பழைய டெஸ்க்டொப்பில் நன்றாக ஓடும். எங்களைப் போன்ற அச்சு வேலைக்காரருக்கு அது சரிவராது. பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001 இல், இங்கே இன்னும் பாமினி எழுத்துருவில் அதில்தான் பாதி வேலை. அந்த ஒரு டெஸ்க்டொப்பை இணையத்தில் இருந்து கழற்றி வைத்து ஓட்டுகிறேன்.

இப்போது அவசரப்பட்டு வீசக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு மெமரி சிப்கள் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறிவிட்டது. குருஷியல் என்ற பெயரில் எங்களைப் போன்றவர்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 க்குப் போனபோது கொம்பியூட்டர் விலை என்ன ஆனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உங்கள் மூலையில் தூசி பிடித்து நிற்கிற டிடிஆர்4 குச்சி இன்றைக்குக் காசு.

அப்புறம் அது போகிற இடம். உலகத்தில் 2022 இல் மட்டும் 62 மில்லியன் தொன் மின்கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 வீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. எங்கள் ஊரில் பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் போகும். செம்புக்காக வயரை எரிப்பார்கள், மிச்சம் ஏதாவது ஒரு வெறுங்காணிக்குள் கிடக்கும். பழைய பெட்டி மொனிற்றர்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலம், மேலே கொட்டினது கீழே இறங்க நாள் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யூபிஎஸ்ஸும் இப்படித்தான் போகிறது. அதற்குள் இருக்கிற 12 வோல்ட் ஈய பற்றரியை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பெட்டியையும் தூக்கிப் போடுகிறார்கள்.

உங்கள் பக்கத்தில், அது சாவகச்சேரியோ பருத்தித்துறையோ மானிப்பாயோ, முன்னால் வைத்துத் திறந்து காட்டி, என்ன பிழை என்று விளங்கப்படுத்தி, அதற்கு நியாயமான கூலி வாங்குகிற கடை இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுக் கடைப் பெயரைக் கீழே போடுங்கள். இரண்டு மூன்று பேருக்குத் திருத்திக் கொடுத்த அனுபவத்தோடு போடுங்கள். பகுதி பகுதியாக ஒரு பட்டியல் எழுதி என் கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். கேட்டு வருகிறவர்களை இனி அங்கேதான் அனுப்புவேன்.