ரத்தத்துல வந்துச்சாம்!

சனிக்கிழமை மேடையில எங்க ஏரியா பங்க் பாப் பேண்ட் (வேகமான, கரகர கிடாரோட பாப் மெட்டுப் பாடுறவங்க) ஏறுனப்ப என்ன நடந்துச்சுன்னு வீடியோ பாத்த எல்லாருக்கும் தெரியும். "வட சென்னைப் பசங்க, யார்கிட்டயும் கத்துக்கல, இசை இவங்க ரத்தத்துலயே ஊறியிருக்கு"ன்னு அந்தத் தொகுப்பாளர் சொன்னதும் அப்படி ஒரு கைதட்டல்.

ரத்தத்துல எதுவும் ஊறல சார். ராயபுரத்துல, மொட்டமாடி ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல, பத்துக்குப் பத்து இடத்துல வேர்வையில ஊறுனது.

டிரம்மர் சட்டி மேளம் அடிச்ச பையன். கை ரெடி, ஆனா மேளத்துல காலுக்கு வேலையே கிடையாது. கிக் டிரம்முக்கு (காலால மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்) வலது காலப் பழக்க மெட்ரோனோம்ல (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 90 தட்டுல ஆரம்பிச்சு அஞ்சஞ்சா ஏத்தணும். 150 தாண்டுனா கால் பின்தங்கும், அத மறைக்கக் கை ஓடும், கடைசி கோரஸ் (பல்லவி) பீச் ஸ்டேஷன்ல டிரெயின் புடிக்க ஓடுற மாதிரி முடியும். பங்க் பாப்புக்கு 180 வேணும்.

"மூணு கார்டுதானே ப்ரோ"ன்னு வர்றவங்களுக்கு: ஆமா, மூணு கார்டு (சேத்து அடிக்கிற சுரக் கூட்டு), மிஞ்சிப்போனா நாலு. 180-ல எட்டாம் நோட் (ஒரு தட்டுக்கு ரெண்டு அடி) வாசிச்சா செகண்டுக்கு ஆறு அடி. ஆறும் மேலருந்து கீழதான். ரமோன்ஸ் பங்க் பேண்ட் கிடாரிஸ்ட் ஜானி ரமோன் அப்படித்தான் வாசிச்சார். மேல கீழன்னு மாத்தி அடிச்சா அந்த அழுத்தம் வராது. பங்க்ல அடிக்கிற பவர் கார்டுல ரூட்டும் (அடிச் சுரம்) அதுலருந்து அஞ்சாவது சுரமும் போதும். மூணாவத வேணும்னேதான் விடுறது, டிஸ்டார்ஷன்ல (கிடார் சத்தத்தக் கரகரப்பாக்குறது) அது சேர்ந்தா கொழகொழன்னு ஆயிடும். மிச்ச ஸ்ட்ரிங்க ஆள்காட்டி விரலோட அடிப்பக்கத்தால அமுக்கி வைக்கணும். இத ஒரு பாட்டு முழுக்கப் பண்ணிட்டு மணிக்கட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, பேசுவோம்.

பேஸ் கிடார் வாசிக்கிறவன் முதல்ல ரெண்டாவது கிடார். எல்லா பேண்ட்லயும் அப்படித்தான், பேஸ்னு சொல்லிக்கிட்டு யாரும் வர்றதில்ல. கிடாரப் பாக்காம கிக் டிரம்மோட ஒட்டி வாசிக்கப் பழகுன பிறகுதான் இது பேண்ட் ஆச்சு. கோரஸ்ல மேல போற ரெண்டாங் குரல் சர்ச் கொயர்ல ஆல்டோ பாடுன பொண்ணு. பாப்னு சொல்றதே அந்தக் குரல்லதான் இருக்கு.

அந்த ரூம்ல ஆம்ப்ளிஃபயர் கெயின (அந்தக் கரகரப்போட அளவு) முழுசாத் திருப்புனா வெறும் இரைச்சல்தான். பாதிக்குக் குறைச்சு மிட்ஸ (நடுத்தர ஒலி) ஏத்துனாதான் கிடார் தனியாக் கேக்கும். மும்முனை பிளக்ல எர்த் இல்லன்னா மைக்ல உதடு பட்டதும் சுரீர்னு அடிக்கும். 9 வோல்ட் பெடலுக்கு (காலால மிதிச்சு கிடார் சத்தத்த மாத்துற பெட்டி) பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். கைக்குக் கிடைச்ச அடாப்டரச் சொருகுனா பெடல் காலி. முட்டை அட்டை ஒட்டுனா சத்தம் வெளிய போகாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. எதிரொலிதான் கொஞ்சம் குறையும், பேஸும் கிக்கும் தாராளமாப் பக்கத்து வீட்டுக்குப் போகும். நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்திருக்கிறவர் மேல வருவார், அவர் கோவம் நியாயம். அதனால கிக் டிரம்முக்குள்ள தலகாணி, ஸ்நேர் (குச்சியால அடிக்கிற சின்ன டிரம்) மேல துண்டு. காசிமேட்டு உப்புக் காத்துக்கு ஸ்ட்ரிங் துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கும், வாசிச்சு முடிச்சதும் துடைக்கலன்னா சீக்கிரமே சொரசொரன்னு ஆயிடும்.

இதுல எது ரத்தம்?

"பாராட்டத்தானே செஞ்சாரு, அதுக்கா இவ்ளோ?" அண்ணே, நல்ல எண்ணத்துலதான் சொன்னார், ஒத்துக்கிறேன். ஆனா உழைப்பக் கழிச்சுட்டுத் தர்ற பாராட்டு எங்களுக்கு மட்டும் ஏன் வருது? வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்சாங்க. அதுவும் ரத்தமா? போர்டுக்கு முன்னாடி உக்காந்த மணிக்கணக்கு யார் கணக்கு?

"வட சென்னைன்னா கானாதானே, பங்க் எதுக்கு?" கிடார் கடையில ரேஷன் கார்டு கேக்கல சார். கானா பாடுறவங்களும் பழகித்தான் பாடுறாங்க, அவங்களுக்கும் இதே ரத்தக் கதையச் சொல்லித்தான் பாட்டுக்குக் காசு குறைக்கிறீங்க.

அதே மேடையில முன்னாடி வாசிச்ச பேண்டுக்கு யார் மாஸ்டர், எந்த மியூசிக் கிரேடு பரீட்சை பாஸ்னு மூச்சு விடாம சொன்னாங்க. எங்க பசங்களுக்கு மட்டும் பிளட் குரூப்பு! அவங்களுக்கு சவுண்ட் செக் முக்கா மணி நேரம். இவங்களுக்கு மேடை ஏறுன பிறகு "செக் செக்" ரெண்டு தடவ, அவ்ளோதான். டிரம்மரோட மானிட்டர்ல (வாசிக்கிறவங்களுக்குக் கேக்குற ஸ்பீக்கர்) குரல் வரவே இல்ல. பேஸ் பையன் கால் தட்டுறதப் பாத்துப் பாத்துதான் டிரம்மர் ஒவ்வொரு கோரஸுக்கும் மாறுனான். மூணாவது பாட்டு வீடியோவத் திரும்பப் போட்டு அவன் கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க.