ஃபிளைட்டா, ராத்திரி ரயிலா?

ஐரோப்பாவுக்குள் ஊர் விட்டு ஊர் போக எதில் டிக்கெட் போடலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க ஓடுகிற தூரமாக இருந்தால் யோசிக்காமல் ரயிலில் போய்ப் படுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஹாம்பர்க்கிலிருந்து வியன்னா, சூரிக்கிலிருந்து வியன்னா, வியன்னாவிலிருந்து ரோம், இந்த மாதிரி பாதைகள். ரயில் மேல் உள்ள ஆசையில் சொல்லவில்லை, செலவையும் நேரத்தையும் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

30 யூரோவுக்கு ஃபிளைட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பாரிஸ் என்று டிக்கெட்டில் போட்டுவிட்டு போவே விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பாரிஸ் 80 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸுக்குத் தனிக் காசு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். பிராங்ஃபர்ட் ஹான் என்று ஒன்று, அது பிராங்ஃபர்ட்டிலிருந்து 100 கிலோமீட்டரையும் தாண்டி இருக்கிறது. பெட்டிக்குத் தனிக் கட்டணம், செக்யூரிட்டி வரிசையில் பெல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை, காலை 6 மணி ஃபிளைட் என்றால் 3 மணிக்கே எழுந்து டாக்ஸி. அன்றைய பகல் முழுக்கத் தூக்கக் கலக்கம்தான். முந்தின நாள் சாயங்காலமே போனால் ஹோட்டல் செலவு. இதையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் ரயிலில் ஒரு பெர்த் 90 யூரோவா என்று மலைப்பது சரியில்லை. அந்தக் காசில் ஒரு ராத்திரித் தங்கலும் சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்று, சீட் டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள். விலை குறைவு என்று உட்கார்ந்தே போனால் மறுநாள் கழுத்து போய்விடும். ஆஸ்திரிய ரயில்வேயின் இரவு ரயிலான நைட்ஜெட்டில் குறைந்தது கூஷெட் எடுங்கள், அதாவது மற்றவர்களோடு சேர்ந்து படுக்கிற அறையில் ஒரு பெர்த். பக்கத்துக்கு மூன்று பெர்த், மேலே ஏற ஏணி, மடித்து வைத்த விரிப்பு, சின்னத் தலையணை, ஒரு போர்வை. நடு ராத்திரி நியூரம்பர்க் ஸ்டேஷனில் பெட்டிகளைப் பிரித்து வேறு ரயிலோடு கோக்கும்போது ஒரு குலுங்கு குலுங்கும், திரும்பிப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். விடிந்ததும் அட்டெண்டர் கதவைத் தட்டி இரண்டு ரொட்டி, வெண்ணெய், ஜாம், சூடான காபி கொண்டுவந்து கொடுப்பார். தனியாகப் போகிற பெண்கள் பெண்களுக்கு மட்டுமான கூப்பே கேட்டு வாங்கலாம். 2023 டிசம்பரிலிருந்து ஓடுகிற புது ரயில்களில் ஒருவர் மட்டும் படுத்துக் கதவைச் சாத்திக்கொள்கிற மினி கேபினும் வந்துவிட்டது. கொஞ்சம் உயரமானவர்களுக்கு இடம் இறுக்கம்தான், ஆனாலும் அறிமுகமில்லாத ஐந்து பேரோடு தூங்கத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். ஃபிளைட் மலிவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் நாம் கண்டுகொள்ளாமல் விட்ட வரிச் சலுகைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு எரிசக்தி வரிச் சட்டப்படி நாடு விட்டு நாடு பறக்கும் பயணிகள் விமானத்தின் எரிபொருளுக்கு வரி கிடையாது. டிக்கெட்டிலும் மதிப்புக் கூட்டு வரி இல்லை. ரயிலோ ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்டவாள வாடகை கட்டுகிறது, ஜெர்மனிக்குள் ஓடும் பகுதிக்கு டிக்கெட்டில் வரியும் உண்டு. போதாததற்கு ஸ்லீப்பர் பெட்டியில் முப்பத்துச் சொச்சம் பேரைத்தான் ஏற்ற முடியும், ஒரு படுக்கையை ராத்திரிக்கு ஒரு தடவைதான் விற்க முடியும். இந்த நிலையில் இரண்டையும் போட்டி போடச் சொன்னால் எது ஜெயிக்கும்?

2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் ஸ்லீப்பர் ரயில்களை அடியோடு நிறுத்தியது. அதில் பல பாதைகளை ஆஸ்திரிய ரயில்வே எடுத்து நைட்ஜெட் என்று நடத்திக் காட்டியது. பாரிஸ்–வியன்னா 2021இல் வந்தது, பாரிஸ்–பெர்லின் 2023இல் வந்தது. பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதும் 2025 டிசம்பரில் இரண்டும் நின்றுவிட்டன. பாரிஸ்–பெர்லினை யூரோப்பியன் ஸ்லீப்பர் என்கிற சின்ன கம்பெனி எடுத்து நடத்துவதாக அறிவித்தது. பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் ரயிலை 2023இல் தொடங்கி அடுத்த வருஷமே பிராக் வரைக்கும் நீட்டியவர்கள் அவர்கள். நல்ல காரியம்தான், ஆனால் இரண்டு பெரிய நாட்டுத் தலைநகரங்களை இணைக்கிற ரயில் ஒரு சின்ன கம்பெனியின் துணிச்சலை நம்பி ஓட வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. விமான எரிபொருளுக்கு வரி போட்டு அந்தக் காசில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள் என்று கேட்பதில் என்ன தப்பு?

எல்லாப் பாதைக்கும் ரயில் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிஸ்பன்–மாட்ரிட் இரவு ரயில் 2020இல் நின்றது, திரும்ப வரவே இல்லை, அங்கே ஃபிளைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தாமதமும் உண்டு. ஜெர்மன் தண்டவாளங்களில் பராமரிப்பு வேலை நடக்காத சீசனே இல்லை போலிருக்கிறது. அப்புறம் நஷ்ட ஈடு. 1500 கிலோமீட்டருக்குள்ளான ஃபிளைட் கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், டிக்கெட் 20 யூரோவாக இருந்தாலும் 250 யூரோ கேட்கலாம். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு டிக்கெட் விலையில் கால்வாசி, இரண்டு மணி நேரத்துக்குப் பாதி, அவ்வளவுதான். அடுத்த ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்து அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் நம் கைக்காசுதான் போகும். அதனால் காலையில் இறங்கியவுடன் மீட்டிங் வைக்காதீர்கள், மதியத்துக்குத் தள்ளி வையுங்கள். முடிந்தால் கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.