பத்து நிமிஷ வேலையாம்

"முந்தியும் இப்படித்தானே மச்சான் இருந்தது?"

என்ர பைக்கைப் பற்றி இப்படி ஒரு கேள்வியைக் கூட்டாளி கேட்டுட்டுப் போயிட்டான். நான் இன்னும் கைகூடக் கழுவேல்ல. முழங்கைவரைக்கும் கிறீஸ், நகத்துக்குள்ள டூ-டி ஓயில், ரேடியேட்டர் குழாயில பட்டு முன்னங்கையில ஒரு கொப்புளம். நாலு சிலிண்டரும் ஒரே மூச்சில இழுத்துக்கொண்டு பைக் ஆடாம அசையாம நிக்குது. இவர் வாறார், தலையைச் சரிச்சு ஒரு காதைக் குடுக்கிறார், "முந்தியும் இப்படித்தானே" எண்டுறார், எனக்கு ஊத்தி வச்ச தேத்தண்ணியையும் எடுத்துக் குடிச்சிட்டுப் போறார். வாயில நல்லா வருது. நாலு பேர் வாசிக்கிற இடம் எண்டதால விடுறன்.

நாலு காபரேட்டர் வச்ச பைக்கை வீட்டு முத்தத்தில கழட்டினவைக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்கே வயிறு எரியும். மற்ற ஆக்கள் பேசாமக் கேளுங்கோ: காபரேட்டர் எண்டது காத்தையும் பெற்றோலையும் கலந்து சிலிண்டருக்குக் குடுக்கிற சாமான், நாலையும் ஒரே அளவுக்கு இழுக்க வைக்கிறதுதான் சிங்க்.

முதல் சாபம் அந்த வீடியோக்காரருக்கு. "வணக்கம் நண்பர்களே, காபரேட்டர் சிங்க் பண்றது ரொம்ப ஈசி, பத்து நிமிஷ வேலைதான்." பத்து நிமிஷம்! அவர்ட கராஜ் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம். சுவரில ஸ்பனர் எல்லாம் அளவு வாரியாத் தொங்குது. "டாங்க்கைக் கழட்டிக்கிட்டோம்" எண்டுறார், அடுத்த செக்கன் டாங்க் இல்லை. "வக்கியூம் போர்ட்ல அடாப்டரை மாட்டிக்கிட்டோம்" எண்டுறார், மாட்டிக் கிடக்கு. வெட்டி ஒட்டின அந்த இடைவெளிக்குள்ளதான் ஐயா என்ர முழுச் சனிக்கிழமையும் போனது. அதை ஏன் காட்டேல்ல நீங்க? காட்டினா ஒருத்தரும் செய்ய மாட்டினம், அதுதானே?

அந்த வக்கியூம் போர்ட்டை, அதுதான் இழுவையை அளக்கிற ஓட்டையை, மூடியிருக்கிற குட்டித் திருகாணியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? யப்பான் பைக்கில வாற திருகாணித் தலை வேற, எங்கட ஹாட்வெயார் கடையில விக்கிற ஸ்டார் ஸ்குரூட்ரைவர் வேற. பாத்தா ரெண்டும் ஒண்டுதான். வச்சு அமத்தித் திருகினா ட்ரைவர் மேல ஏறி வழுக்கும், தலை மழுங்கும், பிறகு நீங்களும் அந்தத் திருகாணியும் சாகும்வரைக்கும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கொண்டு இருக்கலாம். அதுக்கு மேல எங்கட திருகோணமலை டச்சு வளைகுடா உப்புக் காத்து. கடற்கரையில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி முப்பது வருசப் பழசு ஹொண்டா ஜேட் பைக் ஒண்டை நிப்பாட்டி வச்சா அலுமினியத்தில வெள்ளை மா பூக்கும், இரும்பு ஆணி அதுக்குள்ள வேர் விடும். வீடியோக்காரருக்குக் கடலும் இல்லை, உப்பும் இல்லை. குடுத்து வச்ச மனிசன்.

சரி, இழுவையை அளக்கிற கேஜ் வாங்குவம் எண்டு போனா, கடைக்கார நானா "தண்ணிப் பம்புக்கா தம்பி?" எண்டு கேக்கிறார். கராஜ் பக்கம் போனன். அங்க நிக்கிறது முழுக்க பல்சர், அப்பாச்சி, ஸ்கூட்டி. எல்லாம் ஒத்தைக் காபரேட்டர், புதுசுகளில அதுவும் இல்லை. "சிங்க் பண்ற கேஜ் இருக்கா மல்லி?" எண்டு கேட்டன். பொடியன் என்னைப் பாத்து, "ஒரு காபரேட்டரை எதோட அண்ணே சமப்படுத்துறது?" எண்டு சிரிக்கிறான். நியாயமான கேள்வி. அதுதான் இன்னும் எரியுது. மூலையில இருந்த வயசான பாஸ் மட்டும், "உதுக்கு என்னத்துக்குக் கேஜ்? டியூப்பைக் காதில வச்சு உஸ்ஸெண்டுற சத்தத்தைக் கேட்டு வைக்க வேண்டியதுதானே" எண்டார். அவருக்கு அந்தக் காது இருக்கு, நாப்பது வருசமா வளத்த காது. எனக்கு இருக்கிறது அம்மா கூப்பிட்டாலே கேக்காத காது.

உண்மையில விசயம் சின்னது. அதை ஒத்துக்கொள்ளுறன். ஒவ்வொரு காபரேட்டருக்குள்ளயும் ஒரு வட்டத் தகடு இருக்கு, அக்சிலேட்டரை முறுக்கினா திறக்கிறது. நாலும் ஒரே அளவுக்குத் திறந்தா நாலு சிலிண்டரும் ஒரே அளவுக்கு வேலை செய்யும். முழுசா முறுக்கி ஓடேக்க ஒரு மயிரிழை முன்னப் பின்ன இருந்தா ஒண்டும் தெரியாது. அக்சிலேட்டரை முறுக்காம ஐடிலில நிக்கேக்கதான் வினை. அப்ப தகடு திறந்திருக்கிறதே ஒரு மயிரிழைதானே. ஒரு தகடு மட்டும் ரெண்டு மயிரிழை திறந்திருந்தா மற்றதை விட இரட்டிப்பா இழுக்கும். ஒருத்தன் உழைக்க மற்றவன் சும்மா கூடப் போவான். எஞ்சின் நடுங்கும், கண்ணாடியில பின்னால வாற பஸ் ரெண்டாத் தெரியும். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் பக்கத்துப் பக்கத்தில இருந்துகொண்டு ஏழு விதமாச் சுடுற மாதிரி, என்ர பைக்கில சைலன்சர் குழாய் நாலும் நாலு சூடு. தண்ணி தெளிச்சா ஒண்டில சுர்ரெண்டு ஆவி, ஒண்டில சாவகாசமா வழிஞ்சு போகுது.

ஆனா அதைச் சரிக்கட்ட முதல் எத்தினை சடங்கு! 16 வால்வுக்கும் இடைவெளி சரியா இருக்க வேணும். பிளக் நாலும் ஒழுங்கா எரிய வேணும். இன்டேக் றப்பர் வெடிச்சு அதால கள்ளக் காத்து இழுக்கக் கூடாது. பைலட் ஜெட், அதுதான் ஐடிலுக்குப் பெற்றோல் விடுற குட்டி ஓட்டை, அடைச்சிருக்கக் கூடாது. என்ர பைக் 2022 இல பெற்றோல் வரிசையிலயே தவம் கிடந்தது. பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து கிழமைக்கு 4 லீற்றர் எண்டாக்கினாங்கள், அந்த 4 லீற்றரும் ஸ்கூட்டிக்குப் போச்சு. இது மூலையில கிடந்து, காபரேட்டர்க் கிண்ணத்துக்குள்ள நிண்ட பெற்றோல் காய்ஞ்சு பிசினாப் போச்சு. அரை மில்லிமீற்றரும் இல்லாத ஓட்டைக்குள்ள பிசின்! அதை மெல்லிய செப்புக் கம்பியால குத்தினதைக் கதைக்க வெளிக்கிட்டா இண்டைக்கு முடியாது. இவ்வளவும் முடிச்சாப் பிறகுதான் சிங்க். அது கடைசி வேலை. ஊரில ஒருத்தன் பாக்கியில்லாம வாய் திறந்த உடனே சொல்லுறது மட்டும் "சிங்க்கைப் போடு, சரியாயிடும்."

இப்ப புகைக் கதைக்கு வாறன்.

கேஜ் இல்லாட்டி என்ன, வீட்டிலயே செய்யலாமாம். அதுக்கும் ஒரு வீடியோ. வெள்ளை டியூப்பை யூ வடிவத்தில பலகையில அடிச்சு, உள்ளுக்க கொஞ்சம் ஓயில் விட்டு, ரெண்டு நுனியையும் ரெண்டு போர்ட்டில மாட்டினா எந்தப் பக்கம் கூட இழுக்குதோ அந்தப் பக்கம் ஓயில் ஏறும். ரெண்டும் ஒரே மட்டத்தில நிண்டா வேலை சரி. அருமையான யோசனை. மீன் தொட்டி டியூப் வாங்கினன், பழைய கதவுப் பலகையில கிளிப் அடிச்சு வடிவா வளைச்சன், நிறம் தெரிய டூ-டி ஓயில் விட்டன். டாங்க் கழட்டினதால பெற்றோலுக்குச் சேலைன் போத்தல். மாமரக் கொப்பில தொங்க விட்டன். வைத்தியசாலை வாட்டில படுத்த நோயாளிக்குக் குடுக்கிற மரியாதை முழுக்கக் குடுத்தன். அம்மா வந்து பாத்துட்டு, "இதுக்கு என்ன வருத்தம்?" எண்டு கேட்டுட்டுப் போனா.

ஸ்டார்ட் பண்ணினன். ஓயில் ஒரு பக்கம் மெதுவா ஏறுது. ஆகா, விஞ்ஞானம் எண்டா இதுதான் எண்டு நினைச்சன். ஏறுது. பலகையில நான் கீறின கோட்டைத் தாண்டுது. இன்னும் ஏறுது. "போதும்" எண்டு வாய் விட்டுச் சொன்னன், அதுக்குக் காது இருக்கிற மாதிரி. கில் சுவிச்சுக்குக் கை போறதுக்குள்ள டியூப்பில இருந்த ஓயில் முழுக்க ஒரே இழுவையில போர்ட்டுக்குள்ள. சர்ர்ர். டியூப் வெறும் டியூப்.

பிறகு வந்தது பாருங்கோ ஒரு புகை. சைலன்சரால முதல்ல ஒரு இருமல், பிறகு வெள்ளை, பிறகு நீலம். முத்தம் மறைஞ்சுது, மதில் மறைஞ்சுது, ஒழுங்கை மறைஞ்சுது. காத்து வேற வேணுமெண்டே பக்கத்து வீட்டுப் பக்கம் அடிச்சுது. அங்க கொடியில வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூட யூனிபோம், எல்லாம் காயுது. புகைக்குள்ள இருந்து அன்ரியின்ர குரல் மட்டும் வருது: "நுளம்புக்குப் புகை அடிக்கிறாங்கள், கதவைச் சாத்துங்கோ!" ஒழுங்கை முழுக்கக் கதவு சாத்துற சத்தம். ஒரு வீட்டில பூச்சட்டியில நிண்ட தண்ணியை அவசர அவசரமாக் கவிட்டு ஊத்தினவையாம், சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ வந்திட்டார் எண்டு. அப்படி ஒரு பொது நன்மையாவது நடந்தது.

ஏன் இப்படி ஆனது எண்டு எந்த வீடியோவும் சொல்லேல்ல. நானா இருந்து கணக்குப் போட்டன். பழைய காலத்துக் கேஜ் பாதரசத்தில வேலை செய்யிறது. பாதரசம் தண்ணியை விட 13.6 மடங்கு பாரம். பாதரசத்தில 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் எண்டா, ஓயிலில அது கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர். பல பைக்குகளின்ர கையேட்டில "இவ்வளவு முன்னப் பின்ன இருந்தாப் பரவாயில்லை" எண்டு விடுற அளவே அந்த 2 சென்ரிமீற்றர்தான். அப்ப உண்மையிலயே குழம்பிக் கிடக்கிற எஞ்சினில ஓயில் பலகையை விட்டு வானத்துக்குத்தானே போகும்? நடுவில ரெண்டு பக்கமும் வெறும் போத்தல் ஒவ்வொண்டு வைக்க வேணும், இழுத்தாலும் ஓயில் அதுக்குள்ள விழும். டியூப்பை நெருக்க மீன் தொட்டி வால்வு ஒண்டு போட வேணும், துடிப்பு அடங்கும். இந்த ரெண்டு வசனத்தைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. "லைக் பண்ணுங்க, பெல் ஐகானை அழுத்துங்க" எண்டு சொல்ல மட்டும் முழுசா ஒரு நிமிஷம் இருந்தது.

போத்தல் வச்சு, வால்வு போட்டு, திரும்ப மாட்டினாச்சு. இனித் திருகாணி. நாலு காபரேட்டருக்கு மூண்டு சிங்க் திருகாணி. அதுகள் எங்க இருக்குது தெரியுமா? காபரேட்டர் ரெண்டுக்கு நடுவில, கேபிளுக்குப் பின்னால, பிரேமுக்குக் கீழ, கொதிக்கிற எஞ்சினுக்கு மேல. வரைஞ்ச எஞ்சினியருக்கு விரலில ஒரு மூட்டுக் கூட இருந்திருக்க வேணும். எஞ்சின் சூடா இருந்தாத்தான் சரியா வைக்கலாம், சூடா இருந்தாக் கையை விடேலாது. பேசாம வைத்தீஸ்வரா எண்டு விட்டன், கொப்புளம் அப்ப வந்ததுதான். கண்ணாடியும் டோர்ச்சும் பல்லில கவ்விக்கொண்டு, மணிக்கூட்டு முள் அசையிற அளவு திருகினன். ஓயில் மட்டம் வந்திட்டுது. சந்தோசத்தில ட்ரைவரை எடுத்தன். எடுத்த உடனே போயிட்டுது! ட்ரைவர் அமத்தின அமத்தலுக்குத்தான் அது நிண்டிருக்கு. இதைச் சரிக்கட்டினா அது குழம்பும், அதைச் சரிக்கட்டினா ஐடில் ஏறும், ஐடிலைக் குறைச்சா முதல் வச்ச ரெண்டும் "எங்களை ஆர் எண்டு தெரியுமா?" எண்டு கேக்கும்.

இடையில ஆலோசனைக் குழு. பெற்றோல் மணந்தா ஒழுங்கையில உள்ள ஆம்பிளையள் எல்லாம் கையைப் பின்னால கட்டிக்கொண்டு வந்து நிக்கிறது எப்படி எண்டு எனக்கு விளங்கேல்ல. "எயார் ஸ்குரூவை ஒண்டரைச் சுத்து வை தம்பி." ஐயா, அது கலவைக்கு, இது வேற. "எயார் ஸ்குரூவை ஒருக்காப் பாத்தா என்ன?" பாத்தாச்சு ஐயா. "அப்ப எயார் ஸ்குரூதான்." அவர் இப்பவும் மதிலடியில நிண்டு ஆருக்கோ எயார் ஸ்குரூ எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார், கேக்குது.

எந்தத் திருகாணியை எவ்வளவு திருகினன் எண்டு ஓயில் பெட்டி மட்டையில வரிசையா எழுதி வாசல் படியில வச்சிருந்தன். தண்ணி குடிக்க உள்ள போய் வந்தா, கோட்டைப் பக்கமிருந்து ஊர் சுத்த வாற புள்ளிமான் ஒண்டு நிண்டு ஆறுதலா அசை போடுது. வாயோரத்தில என்ர கையெழுத்து தொங்குது. வெளிநாட்டுச் சோடி ஒண்டு ஒழுங்கையில நிண்டு அதைப் படம் எடுக்குது. என்ன வடிவாம்! படத்தை வடிவாப் பெரிசாக்கிப் பாத்தா மூண்டாம் திருகாணி கால் சுத்து எண்டு எழுதியிருக்கும், கிடைச்சா அனுப்பி விடச் சொல்லுங்கோ.

அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்தது. விசர்ச் சிரிப்பு. படியில குந்தி இருந்து தனியாச் சிரிச்சன். அன்ரி மதிலுக்கு மேலால எட்டிப் பாத்துட்டுப் பேசாமக் கொடியில இருந்த உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ள போயிட்டா. பிறகு எழும்பி, எழுத்தும் இல்லாம கணக்கும் இல்லாம, திருகிப் போட்டு ஒருக்கா அக்சிலேட்டரைத் தட்டி விட்டு, அது அடங்கி நிக்கிற இடத்தைப் பாத்துத் திரும்பத் திருகி, பொழுது சாயிற நேரம் நாலும் ஒரு மட்டத்தில நிண்டுது. சீற்றில ஒரு கிளாஸ் தண்ணி வச்சன். மேல்தோல்கூட ஆடேல்ல. வால்வை இயக்குற அந்தக் கியர் கேமின்ர சன்னச் சீழ்க்கை மட்டும் கேக்குது. அப்பதான் இவர் தேத்தண்ணி குடிக்க வந்தவர்.

அது கிடக்கட்டும். எனக்கு இன்னொரு விசயம் கேக்க வேணும். அந்த டியூப் வாங்கின கடையில மிச்சக் காசுக்கு ஏன் டொபி தாறியள்? சில்லறை இல்லையாம். எந்த நாளும் இல்லையாம். நான் பத்து ரூபா குறைவாக் குடுத்தா மட்டும் "தம்பி, இன்னும் பத்து" எண்டு கை நீட்டுறியள், அப்ப டொபி ஞாபகம் வராதா? நான் கேட்டனா டொபி? எனக்கு என்ன, நாலு வயசா? அதுவும் இஞ்சி டொபி. வீட்டில ஒருத்தரும் தின்னுறதில்லை. எல்லாத்தையும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில போட்டு வச்சிருக்கிறன், முக்காவாசி நிரம்பிட்டுது. அடுத்த முறை பெரிய சாமானா ஒண்டு வாங்கி பில்லைப் போடச் சொல்லிப் போட்டு, அப்படியே மேசையில கொட்டி எண்ணி எடுங்கோ எண்டு சொல்லப் போறன்.