அது பிள்ளையின் பணம்

இந்த வாரம் முழுக்க எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிற அந்தக் குரல் பதிவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேசியவர் யார், எந்தக் கூட்டத்தில் பேசினார் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் போடப் போவதில்லை. வயதில் பெரியவர், அப்பாவுக்குத் தெரிந்தவர், ரீயூனியன் தீவின் சேன்-தெனி நகரத்துக்கு நான் வந்த புதிதில் வீடு தேட உதவியவர். அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. ஆனால் "இந்தப் பொம்பளைங்க புருஷன்கிட்டயும் வாங்குறாங்க, காஃப்லயும் வாங்குறாங்க, ரெண்டு பக்கமும் வருமானம், அப்புறம் எதுக்குச் சேர்ந்து வாழணும்னு தோணும்?" என்று, பிரிந்து வாழும் அம்மாக்களைப் பற்றி அவர் சொன்னதும் (காஃப் என்றால் குடும்ப உதவி தரும் அரசு அலுவலகம்), அதற்கு அத்தனை பேர் சிரித்ததும், குழுவில் கைதட்டும் படம் போட்டவர்களில் என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்களும் இருந்ததும்தான் என்னை எழுத வைக்கிறது.

ரெண்டு பக்கமும் வரவில்லை அண்ணா. ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் அதே அளவு போய்விடும். சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்குள்ள சட்டம்தான் இங்கும். வருமானம் இல்லாதவர்களுக்கும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் அரசு தரும் அடிப்படை உதவித்தொகைக்கு எர்எஸ்ஆ என்று பெயர். 2011 ஜனவரியில் இந்தத் தீவுக்கு வந்தது. குடும்ப உதவிகளைக் கவனிக்கும் காஃப் வழியாக நம் கணக்கில் விழும். 2025 ஏப்ரல் கணக்குப்படி தனி ஆளுக்கு மாதம் 646.52 யூரோ. ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ 969.78. வாடகை உதவி வாங்குகிறவர்களுக்கு அதில் 155 யூரோ சொச்சம் கழியும். மற்ற வருமானங்களையும் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள். பிரிந்துபோன அப்பா பிள்ளைக்காகக் கொடுக்கும் பராமரிப்புத் தொகையும் அந்தக் கணக்கில் அம்மாவின் வருமானம். அவர் 100 கொடுத்தால் 100 குறையும். 220 கொடுத்தால் 220 குறையும். பிள்ளைக்கு ஒரு சென்ட் கூட மிஞ்சாது.

என் கதையையே சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமானக் கணக்கு கொடுக்க வேண்டும், இப்போதெல்லாம் போனிலேயே. பராமரிப்புத் தொகைக்குத் தனியாக ஒரு இடம் இருக்கும், மாதத்துக்கு ஒரு கட்டமாக மூன்று கட்டங்கள். குடும்ப நீதிபதி எங்கள் மகளுக்கு மாதம் 220 யூரோ என்று தீர்ப்புச் சொல்லி, அவளுடைய அப்பாவும் ஒழுங்காக அனுப்ப ஆரம்பித்திருந்த நேரம். 220, 220, 220 என்று மூன்று கட்டத்திலும் எழுதினேன். எழுதும்போது மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடியது. நீச்சல் வகுப்பு, கண்ணாடி மாற்றுவது, ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது நல்ல செருப்பு. அடுத்த மாதம் எர்எஸ்ஆ விழுந்ததும் போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 220 அப்படியே குறைந்திருந்தது. வேறு ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து விதிகளை எடுத்துப் படித்தால், எல்லாம் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரி. அந்தக் கணக்கை எழுதி வைத்த விதிதான் பிள்ளையை மறந்துவிட்டது.

இதைவிடக் கொடுமை இன்னொன்று இருக்கிறது. குரல் பதிவுக்குக் கைதட்டியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அப்பா எதுவும் கொடுக்காமல் இருந்தால் அம்மாவுக்கு ஆஎஸ்எஃப் என்று ஒரு குடும்ப ஆதரவுத் தொகை உண்டு. 2022 நவம்பரில் அதை ஒரேயடியாக 50% உயர்த்தினார்கள். 2025 ஏப்ரல் கணக்கில் பிள்ளைக்கு 199.19 யூரோ. எர்எஸ்ஆ போடும்போது இந்தத் தொகையை முழுதாகக் கழிப்பதில்லை, ஒரு பகுதியை மட்டும்தான் கழிப்பார்கள். மிச்சம் பிள்ளைக்கு நிற்கும். அப்பா முழுத் தொகையும் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் இது நின்றுவிடும், அவர் கொடுப்பதோ மொத்தமாகக் கழிந்துவிடும். ஆக, என் மகளின் அப்பா பொறுப்பாக நடந்துகொள்ள ஆரம்பித்த பிறகு என் கைக்கு வந்தது முன்பைவிடக் குறைவு. கட்டுக்கதை விடவில்லை. எலேன் பெரிவியே, மூரியல் புச்சி என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2021இலேயே பாரிஸில் இதைக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் மகளின் அப்பாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? போனில் கேட்டார், "நான் அனுப்புறதுல அவளுக்கு என்ன வாங்கின?" என்ன பதில் சொல்வேன்? ஒன்றும் வாங்க முடியவில்லை, நீங்கள் அனுப்பியதை அரசாங்கம் கழித்துக்கொண்டது என்றேன். நம்பவில்லை. நான் செலவழித்துவிட்டுச் சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பிறகு நம்பினார், நம்பியதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. "நான் உழைச்சு அரசாங்கத்துக்கா கட்டணும்?" என்று அனுப்புவது தள்ளிப்போனது. அவர் மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் இருக்கிறது, ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கொடுக்கிற அப்பாவுக்குத் தான் கொடுத்தது பிள்ளையின் காலில் செருப்பாகத் தெரிய வேண்டாமா? அது பிள்ளையின் பணம். நீதிபதி தீர்ப்பு எழுதியது பிள்ளைக்கு. அப்பா அனுப்பியது பிள்ளைக்கு. கணக்குப் போடும்போது மட்டும் அது எப்படி அம்மாவின் வருமானமாகிறது?

வரியிலும் இதே கதைதான். கொடுப்பவர் அந்தத் தொகையைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். வாங்குபவர் தன் வருமானத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும். என் தோழி ஒருத்தி பள்ளி உணவகத்தில் அரைநேர வேலை பார்க்கிறாள். அவளுக்கு எர்எஸ்ஆ இல்லை, குறைந்த சம்பளக்காரர்களுக்குத் தரும் பிரிம் வாங்குகிறாள். அங்கும் பராமரிப்புத் தொகை வருமானம்தான். வாடகை உதவியிலும் வருமானம்தான். எங்கே போனாலும் இந்தப் பணம் அம்மாவின் தலையில்தான் எழுதப்படுகிறது.

"அப்பா கொடுக்கும்போது அரசு ஏன் கொடுக்கணும், முதலில் குடும்பம், பிறகுதானே அரசு?" என்று உடனே கீழே எழுதுவீர்கள், தெரியும். சட்டத்தின் அடிப்படையும் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டனில் 2010இல் இருந்து பராமரிப்புத் தொகையை உதவித்தொகைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர்கள் நாடு ஒன்றும் அதனால் திவாலாகிவிடவில்லை. முழுதாக விட மனமில்லை என்றால் ஆஎஸ்எஃப் அளவுக்காவது விட்டுக் கொடுக்கலாமே. அப்பா கொடுக்காத பணத்துக்கு ஒரு நியாயம், கொடுத்த பணத்துக்கு வேறு நியாயமா?

"வேலைக்குப் போக வேண்டியதுதானே." இதற்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. போகிறேன் ஐயா. கிடைத்த வேலைக்கெல்லாம் போகிறேன். மூன்றில் ஒருவருக்கும் மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற தீவு இது. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமான இன்ஸேயின் 2022 கணக்கில் சாப்பாட்டுச் சாமான் பிரான்சைவிட இங்கே 37% விலை அதிகம். உதவித்தொகை மட்டும் அங்கும் இங்கும் ஒன்றே. வேலைக்குப் போனால் பிரிம் வந்து கொஞ்சம் ஈடுகட்டும், அதனால் சம்பளத்தில் ஏதாவது கையில் நிற்கும். பராமரிப்புத் தொகைக்கு அப்படி எந்த ஈடும் கிடையாது.

"ஆம்பளைங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். பிள்ளையைப் பார்க்க விடாமல் தவிக்கிற அப்பாக்களையும் தெரியும், தனியாகப் பிள்ளை வளர்க்கிற அப்பாக்களையும் தெரியும். அவர்களுக்கும் இதே விதி இதே அநியாயத்தைத்தான் செய்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல் கொடுக்காவிட்டால் இரண்டு வருடச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம் என்று சட்டம் மிரட்டுகிறது, சரி. மிரட்டி வாங்கின பணம் பிள்ளைக்குப் போகிறதா என்று அதே சட்டம் பார்க்க வேண்டாமா?

இப்போது, அதே குரல் பதிவில் "அரசாங்கக் காசு" என்று அந்தப் பெரியவர் இழுத்த விதத்துக்கு வருகிறேன். எனக்கு வலித்தது அதுதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு சொல்தா வீடு. தாத்தாக்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். பென்ஷன் வருகிற நாளில் தெருவே கலகலவென்று இருக்கும். பாட்டி தாத்தாவுக்குப் பிறகும் அந்தப் பென்ஷனை வாங்கினார். அதில்தான் அத்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது, சித்தப்பா படித்தார், மாடி கட்டினார்கள். யாராவது ஒருவர் பாட்டியைப் பார்த்து "அரசாங்கக் காசைத் திங்கிறா" என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் நடமாடியிருக்க முடியுமா? அது உரிமை. பெருமையோடு வாங்கினார்கள். அதே பிரான்சு, அதே சட்டம் ஒரு பிள்ளைக்குத் தருகிற உரிமை மட்டும் எப்படி அசிங்கமாகிவிட்டது? குரல் பதிவில் பேசியவரின் குடும்பமும் அந்தப் பென்ஷனில் எழுந்து நின்ற குடும்பம்தான்.

அப்புறம் இந்த "தனியா இருக்கிற மாதிரி காட்டிக்கிறாங்க" என்ற பேச்சு. அப்படி ஏமாற்றுகிறவர்கள் ஓரிருவர் இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகத்தின் விலையை நாங்கள் எல்லோரும் தினமும் கொடுக்கிறோம். துணையோடு சேர்ந்து வாழ்ந்தால் ஆஎஸ்எஃப் நின்றுவிடும், எர்எஸ்ஆ கணக்கும் மாறிவிடும். அதனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கம்பக்கம் பார்க்கிறது. என் தம்பி பாரிஸிலிருந்து வந்து தங்கியிருந்தபோது, கீழ்வீட்டு அம்மா என் மகளிடம் "அந்த மாமா தினமும் இங்கேதான் தூங்குறாரா?" என்று கேட்டார். பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? கணவனோடு இருந்த காலத்தில் அடி வாங்கிய சத்தம் கேட்டபோது இதே வீட்டிலிருந்து ஒருவர் கூடக் கதவைத் தட்டவில்லை. அப்போது அது குடும்ப விஷயம், தலையிடக் கூடாது. இப்போது என் தம்பி எங்கே படுக்கிறான் என்பது எல்லோருடைய விஷயம்.

சேர்ந்து வாழ்ந்திருக்கலாமே என்று சொல்கிற யாரும் எங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததில்லை. பணத்துக்காகப் பிரிந்தோம் என்று நினைக்கிறீர்களா? மாதக் கடைசியில் அரிசி மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். காவடிக்கு விரதம் இருக்கும் மகளுக்கு எல்லாப் பிள்ளைகளையும் போலப் புது மஞ்சள் உடுப்பு எடுக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், ரெண்டு பக்கமும் வருமானம் என்று.

இதைப் படிக்கிற, புதிதாகப் பிரிந்து வந்திருக்கிற தங்கச்சிகளுக்கு ஒன்று. இந்தப் பேச்சுக்குப் பயந்து எதையும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். தீர்ப்பு கையில் இல்லாவிட்டாலும் ஆஎஸ்எஃப் நான்கு மாதம் வரை கிடைக்கும், அதற்குள் குடும்ப நீதிபதியிடம் மனுப் போட்டுவிட வேண்டும். தீர்ப்பு இருந்தால் 2023 ஜனவரி முதல் பணத்தை அவரிடம் நேரில் கேட்டு நிற்க வேண்டியதில்லை, காஃப் நடுவில் நின்று வசூலித்துத் தரும். அவர் ஒரு மாதம் தவறினாலும் ஆஎஸ்எஃப் போடுவார்கள், பழைய பாக்கியையும் இரண்டு வருடம் வரை பின்னால் போய் வசூலிப்பார்கள். வருவதை வந்தபடி எழுதிக் கொடுங்கள், ஒரு யூரோவையும் மறைக்காதீர்கள். படிவம் புரியவில்லை என்றால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், கூடவே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

அந்தக் குரல் பதிவை இன்னும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து என் நட்புப் பட்டியலிலிருந்து விலகிவிடுங்கள். பேசிய பெரியவர் விரும்பினால் வீட்டுக்கு வரலாம், காபி போட்டுத் தருகிறேன். மூன்று கட்டத்தையும் போனில் திறந்து காட்டுகிறேன்.