முப்பது மாடிக்கு வயதானால் யார் பொறுப்பு?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் இப்போது யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். அடுத்தடுத்து இருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மனைகளை ஒன்றாகச் சேர்த்து, பெரிய சாலையைப் பார்த்தபடி முப்பது மாடிக் கோபுரம் ஒன்று எழுப்பலாம் என்று ஒரு கட்டுமான நிறுவனம் வந்திருக்கிறது. நீச்சல் குளம் உண்டாம், உடற்பயிற்சிக் கூடம் உண்டாம், மேல் மாடிகளில் நின்றால் கடல் தெரியுமாம். இதற்குப் போட்டியாக உள்ளூர் பில்டர் ஒருவர், அந்தந்த மனையில் தனித்தனியாக ஐந்து மாடி கட்டித் தருகிறேன் என்கிறார். அவர் காட்டும் படத்தில் நீச்சல் குளம் இல்லை. அதனால் இளைஞர்களிடம் அவருக்கு மதிப்பும் இல்லை.

காற்று, வெளிச்சம், கார் நிறுத்தம், தண்ணீர், மறுவிற்பனை விலை என்று எல்லாவற்றையும் அலசுகிறார்கள். எல்லாம் அலச வேண்டியவைதான். ஆனால் இந்தக் கட்டடத்துக்கு நாற்பது வயதாகும்போது என்ன செய்வது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நாம் இன்று பேரம் பேசிக்கொண்டிருப்பதே, 1980களில் கட்டிய கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்பதால்தான்.

சென்னையில் பழைய ஃபிளாட் வைத்திருப்பவருக்கு இன்று ஏன் இவ்வளவு மரியாதை? ஒழுகும் கூரைக்காகவும் துருப்பிடித்த கம்பிக்காகவும் யாரும் வரவில்லை. அந்த ஃபிளாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிரிக்கப்படாத நிலப்பங்குக்காக, அதாவது மொத்த மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்குக்காக, வருகிறார்கள். பத்திரத்தில் நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்த யூ.டி.எஸ். எண்தான் மொத்தக் கதையும்.

இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி, என்று வைத்துக்கொள்வோம். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்வது தளப்பரப்புக் குறியீடு, எல்லோரும் சொல்லும் எஃப்.எஸ்.ஐ. அந்தக் காலத்தில் அது 1.5. ஆக 7,200 சதுர அடி கட்டலாம். 900 சதுர அடியில் எட்டு வீடு. ஒரு வீட்டுக்கு நிலப்பங்கு 600 சதுர அடி. பிறகு அரசு இந்தக் குறியீட்டை உயரம் அதிகமில்லாத கட்டடங்களுக்கு 2 என்றும், உயர் கட்டடங்களுக்கு 3.25 என்றும் உயர்த்தியது. கட்டணம் செலுத்தினால் இதற்கு மேலும் கட்டலாம். முப்பது அடித் தெருவுக்கு 30 விழுக்காடு, அறுபது அடிச் சாலைக்கு 50 விழுக்காடு. நம் தெருவில் ஐந்து மாடி கட்டினால் அதே மனையில் ஏறத்தாழ 12,500 சதுர அடி வரும். பழைய எட்டுப் பேருக்கு 7,200 போக, மிச்சத்தை விற்றுப் பில்டர் தன் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்கிறார். நமக்குக் கைக்காசு இல்லாமல் புது வீடு. இதில் மந்திரம் எதுவும் கிடையாது. காலியாக இருந்த உரிமையை விற்றுச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

இப்படிக் கட்டிய 900 சதுர அடி வீட்டின் நிலப்பங்கு 346 சதுர அடியாகக் குறையும். கோபுரத்தில் கட்டணக் குறியீட்டையும் சேர்த்து முழுதாகக் கட்டினால் அது 185. சரி, நாற்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் அந்தக் கோபுரத்தை இதே முறையில் இலவசமாகப் புதுப்பிக்க வேண்டுமென்றால், கட்டணம் சேர்த்து 1.5 இப்போது 2.6 ஆனதுபோல, அன்றைய குறியீடு எட்டரைக்குப் போக வேண்டும். அந்த அளவு கட்டடத்தைத் தாங்கும் சாலையும் சாக்கடையும் மாம்பலத்தில் எப்படி வரும்? வராவிட்டால் இடித்துக் கட்டும் செலவை ஒவ்வொருவரும் தன் பையிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது எழுபது வயதில் ஓய்வூதியத்தில் இருப்பவர் என்ன செய்வார்? ஐந்து மாடியிலும் பங்கு குறைகிறது; மறுக்கவில்லை. ஆனால் 346ஐ வைத்துக்கொண்டு பேரம் பேச ஏதோ மிச்சம் இருக்கும். 185ஐ வைத்துக்கொண்டு கடலைத்தான் பார்க்கலாம், அதுவும் முன்னால் வேறொரு கோபுரம் வராதவரை.

அடுத்து, பேசித் தீர்ப்பது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. நல்ல சட்டம். இதற்கு முன் ஒரே ஒருவர் முரண்டு பிடித்து எத்தனை கட்டடங்கள் நொறுங்கிக்கொண்டே நின்றன என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். எட்டு வீட்டில் ஆறு பேரை மொட்டை மாடியில் உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேசிவிடலாம். முந்நூறு வீடு என்றால் இருநூறு கையெழுத்து. அதில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள், சிலர் இறந்திருப்பார்கள், வாரிசுச் சான்றிதழ் வழக்கில் இருக்கும், முதலீட்டுக்கு வாங்கியவருக்கு வீடு எந்தத் தளத்தில் என்பதே நினைவிருக்காது.

இடிப்பதையும் யோசியுங்கள். மூன்று மாடியை ஆட்கள் சம்மட்டியோடு ஏறி மேலிருந்து உடைத்து இறக்குவதை எங்கள் தெருவிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தூசியும் சத்தமும் தவிர வேறு தொல்லை இல்லை. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அதன் பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை என்ன செய்தார்கள்? 2016 நவம்பரில் சுற்றியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். நொய்டாவின் இரட்டைக் கோபுரத்தை 2022 ஆகஸ்டில் வீழ்த்த ஏறத்தாழ 3,700 கிலோ வெடிமருந்து தேவைப்பட்டது. சுவரோடு சுவர் உரசும் மாம்பலத்தில் அதை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குக் கற்பனைகூட வரவில்லை.

உயரத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. 1959இல் அண்ணா சாலையில் எழுந்த எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்ட ஊர் இது. நானும் சிறுவயதில் மாடிகளை எண்ணியவன்தான். 1975இல் அதில் பெரும் தீ பிடித்தது, சரிசெய்தார்கள், இன்றும் நிற்கிறது. காரணம், அதற்கு ஒரே உரிமையாளர், கையில் பணம் உள்ள உரிமையாளர். சிங்கப்பூரைக் காட்டி வாதாடும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் நிலம் அரசுடையது. வீட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் தருகிறார்கள். பழைய தொகுதிகள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, குடியிருப்போருக்கு வேறு புது வீடு கொடுத்து இடித்துக் கட்டும் திட்டத்தை 1995இலேயே கொண்டுவந்தார்கள். அந்த உயரத்துக்குப் பின்னால் நீண்ட நினைவுள்ள ஒரு நில உரிமையாளர் இருக்கிறார். நமக்குப் பின்னால் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு.

உயரம் இல்லாவிட்டால் நகர மையத்தில் மக்கள் வாழ முடியாது, எல்லோரும் கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இந்தக் கவலை எனக்கும் உண்டு. என் மகனே அந்தப் பக்கம்தான் வீடு தேடிக்கொண்டிருக்கிறான். ஆனால் நெருக்கத்துக்கும் உயரத்துக்கும் முடிச்சுப் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். இரண்டு மாடியும் மூன்று மாடியுமாகவே அத்தனை பேர். ஆறு ஏழு மாடிகளுக்கு மேல் பெரும்பாலும் போகாத பாரிஸ் நகரத்தில் சுமார் 20,000 பேர். அந்த ஊர் 1973இல் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரத்தைக் கட்டிப் பார்த்து, சில ஆண்டுகளிலேயே மையப் பகுதியில் உயரத்துக்குத் தடை போட்டது. பிறகு தளர்த்தி, 2023இல் மறுபடியும் 37 மீட்டர் என்று வரம்பு கட்டியது.

நம் விதிகளின்படி முப்பது மீட்டர் வரை உயரமுள்ள உயர் கட்டடத்துக்கே நான்கு பக்கமும் ஏழு மீட்டர் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆறு மீட்டருக்கும் இன்னும் ஒரு மீட்டர். அறுபதுக்கு எண்பது அடி மனையில் ஏழு மீட்டர் விட்டால் மிஞ்சுவது பதினான்கு அடி அகலம். அதனால்தான் எட்டுப் பத்து மனைகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். பத்து வாசல் இருந்த தெருவில் ஒரு வாசல், அதில் ஒரு காவலாளி, பதிவேடு, கைப்பேசி எண். கீரை விற்கும் அம்மாவை அவர் உள்ளே விடுவாரா?

இயந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மின்சாரம் நின்றபோது, பக்கத்து வீட்டு மாமியை நாற்காலியோடு நான்கு பேர் மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி வந்தோம். மூச்சு வாங்கியது, ஆனால் முடிந்தது. பதினெட்டாவது மாடியிலிருந்து முடியாது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். டீசல் எத்தனை நாள் வரும், அது நிலத்தடித் தளத்தில் இருந்தால் வெள்ளத்தில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெரிய சாலையும் மெட்ரோ நிலையமும் ஒரே உரிமையாளரிடம் பெரிய நிலமும் இருக்கும் இடத்தில் உயரமாகக் கட்டட்டும். அதைப் பங்கு பங்காக விற்காமல் வாடகைக்கோ குத்தகைக்கோ விட்டால் இன்னும் நல்லது. குறைந்த உயரம் என்றாலே பத்திரம் என்றும் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் இடிந்து விழுந்தது உயரமில்லாத குடிசை மாற்று வாரியக் குடியிருப்புதான். விரிசலைக் கண்டு முன்கூட்டியே மக்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பில் வாரியம் கட்டிய புத்தம் புதுப் பல மாடிக் கட்டடத்தில் பூச்சு கையோடு உதிர்ந்ததையும் பார்த்தோம். பராமரிக்கப் பணமும் ஆளும் இல்லாதவர்களை உயரத்தில் குடியேற்றுவதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே அடங்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கோபுரத்துக்கு எதிராகத்தான் என் ஓட்டு. பெரும்பான்மை மறுபக்கம் போனாலும் சில விஷயங்களை எழுத்தில் கேட்கப்போகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலப்பங்கு எத்தனை சதுர அடி? மொட்டை மாடியிலும் பின்னாளில் கூடும் குறியீட்டிலும் உரிமை நமக்கா, நிறுவனத்துக்கா? லிஃப்டுகளையும் பம்புகளையும் இருபது ஆண்டு கழித்து மாற்றும் செலவுக்கு இருப்பு நிதியாக எவ்வளவு வைக்கிறார்கள், அதை யார் பெயரில் போடுகிறார்கள்? சென்ற கூட்டத்தில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். நீச்சல் குளத்தின் நீளத்தைச் சொன்னார்.