தூங்காமல் மிதிப்பது சாதனையா?

ஞாயிறுதோறும் திருவொற்றியூரிலிருந்து எங்களோடு சைக்கிள் மிதிக்கும் இளைஞர்கள் சிலர், பழவேற்காடு ஏரிப் பக்கத்து மண் தடங்களையும் சரளைச் சாலைகளையும் சுற்றி வருகிற பைக்பேக்கிங் (வேண்டிய சாமானைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவது) போட்டி ஒன்றை நடத்தக் கிளம்பியிருக்கிறார்கள். விதிகளை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரே ஒரு விதியில் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

வெளியுதவி கூடாது என்பதில் சண்டை இல்லை. கல்நெஞ்சு விதி என்று சிலர் இதை நினைக்கிறார்கள், ஆனால் அது அப்படிப்பட்டதல்ல. எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் எதையும் வாங்கலாம், பஞ்சர் ஒட்டலாம், லாட்ஜில் படுக்கலாம். எனக்காக மட்டும் என் மச்சான் பொன்னேரிக்கு ட்யூப் கொண்டுவந்து தரக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் கார் ஓட்டிவர ஆள் வைத்திருப்பவனையும் அது இல்லாதவனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது இந்த விதிதான். போன மாதம் மீஞ்சூரைத் தாண்டி என் டயரின் பக்கச்சுவர் கிழிந்து, உள்ளே ஓட்டையடைக்க ஊற்றிவைக்கும் சீலன்ட் திரவம் முழுவதும் பீய்ச்சியடித்தபோது, ஒரு பஞ்சர் கடைக்காரர் பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கம் ஒட்டிவிட்டு, "இருவது ரூபா குடுண்ணா, போதும்" என்றார். இது விதிக்கு உட்பட்ட உதவி. காசே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் விதிப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சண்டை கடிகாரத்தைப் பற்றியது. கனடாவின் பான்ஃபில் தொடங்கி மெக்சிகோ எல்லையில் முடிகிற, சுமார் 4,400 கிலோமீட்டர் நீளமுள்ள டூர் டிவைட் என்ற பைக்பேக்கிங் போட்டியில் கடிகாரம் ஒருமுறை ஓடத் தொடங்கினால் முடிக்கும்வரை நிற்பதில்லை. தூங்கும் நேரமும் கணக்கில் ஏறும். 2016இல் மைக் ஹால் என்ற சைக்கிள் வீரர் அதை 14 நாளுக்குள் முடித்தார் என்றால், சராசரியாக நாளொன்றுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வேகத்தைவிடத் தூக்கத்தைக் குறைப்பதே அங்கே லாபம். அந்த மனிதரே மறு ஆண்டு ஆஸ்திரேலியாவில் இதே வகைப் போட்டி ஒன்றில், விடியுமுன் கான்பெரா அருகே கார் மோதி இறந்தார். அவர் தூங்கி விழுந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சாலையில் இருக்கவைக்கும் அமைப்பைப் பற்றியே சொல்கிறேன்.

என் அனுபவமும் உண்டு. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டமான பி.ஆர்.எம்.மில், 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரம் தருவார்கள். அப்படியொரு ஓட்டத்தை முடித்து வீடு திரும்பும்போது, விடிகாலை நான்கு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் தூரத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. டீக்கடை பல்பு என்று நினைத்து, பால் பொங்கும் வாசனையைக்கூட மூக்கில் உணர்ந்தபடி ஓரம் ஒதுங்கினேன். கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான், விளக்கணைத்து நின்றிருந்த கண்டெய்னர் லாரியின் பின்பக்கச் சிவப்புப் பட்டையில் என் சைக்கிள் விளக்கு பட்டு மின்னுவது புரிந்தது. துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக் கிடக்கும் ஓட்டுநரும் தூங்கியிருக்க மாட்டார். அவருக்கு அது பிழைப்பு. நானோ பணம் கட்டித் தூக்கத்தைத் தொலைத்தவன்.

அலாஸ்காவில் நாய்கள் இழுக்கும் பனிவண்டிப் பந்தயமான இடிட்டராடில், ஒருமுறை 24 மணி நேரமும் இருமுறை எட்டெட்டு மணி நேரமும் கட்டாயம் நின்றாக வேண்டும். நாய்க்குக் கிடைக்கும் ஓய்வு மனிதனுக்கு ஏன் கூடாது?

ஆகவே இரவில் ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் நிற்க வேண்டும், அதை ஜி.பி.எஸ். டிராக்கரில் சரிபார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். "அப்போ அது டூர்ணா, ரேஸ் இல்ல" என்கிறார்கள். ஆறை ஐந்தாக்க வேண்டுமானால் பேசலாம். வரியையே எடுத்துவிட்டால் விதித்தாளில் என் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டேன்.