கமராவுக்கு முன் ஒரு பெட்டி வாங்குங்கள்

திருகோணமலையில் படம் எடுக்கும் ஆசையோடு புதிதாக வருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாங்கள் சொல்கிற யோசனை சரியில்லை என்று கொஞ்சக் காலமாகவே மனதில் கிடக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு பிள்ளை வந்து, "அண்ணா, கொஞ்சம் காசு சேர்த்து வைச்சிருக்கிறன், என்ன கமரா எடுக்கலாம்?" என்று கேட்டவுடன் ஆளுக்கொரு மொடலின் பெயரைச் சொல்கிறோம். ஒருவர் கெனன் என்பார், மற்றவர் நிக்கோன் என்பார், இன்னொருவர் இனிமேல் சோனியைத் தவிர ஒன்றையும் தொடாதே என்பார். அனேகமாக எல்லாம் யூடியூப்பில் பார்த்தவை. அந்தக் காணொளிகளைச் செய்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், நானும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அவர்களில் பலர் இருக்கிற ஊர்களில் ஒரு லென்ஸை மேசையில் மாதக்கணக்கில் வைத்துவிட்டுப் போனாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊர் அப்படியில்லை. டச் பே ஒரு பக்கம், பேக் பே ஒரு பக்கம், உள்துறைமுகம் ஒரு பக்கம் என்று நகரமே தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது. மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் அலுமாரிக்குள் மடித்து வைத்த சேர்ட்டே மணக்கத் தொடங்கிவிடும். அதே அலுமாரிக்குள்தான் கமரா பையும் இருக்கிறது.

அதனால் என் கருத்து இதுதான். இந்த ஊரில் கமரா கேட்டு வருகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது மொடலின் பெயர் இல்லை. "அதை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்க வேண்டும். அடுத்ததாக, "எதைப் படம் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு மொடல் தெரிவு செய்வது சின்ன வேலை.

எங்கே வைப்பது என்று முதலில் கேட்பதற்குக் காரணம், ஈரத்தால் லென்ஸுக்குள் வளர்கிற பூஞ்சணம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைக் கண்டதே இல்லை, கண்டாலும் தூசி என்று நினைக்கிறார்கள். பாவித்த லென்ஸ் ஒன்றைக் கையில் எடுங்கள். முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றுங்கள். ஃபோன் டோர்ச்சைப் பின்பக்கத்தில் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தால் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். பூஞ்சணம் என்றால் ஓரத்தில் இருந்து நடுவை நோக்கிச் சிலந்தி இழை மாதிரி மெல்லிய கிளைகள் ஓடியிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தைத் திருப்பும்போது ஒரு கணம் பளிச்சென்று வந்து மறையும். அது கக்குகிற அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். ஆரம்பத்திலேயே கழுவினால் தப்பலாம். பிந்தினால் பூஞ்சணத்தைத் துடைத்து எடுத்தாலும் தடம் அங்கேயே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கிற படமெல்லாம் வெளிறிப் போகும். கழற்றித் துப்பரவு செய்கிற செலவு சில வேளைகளில் லென்ஸின் பாவித்த விலையையே எட்டிவிடும்.

இதைத் தடுக்கப் பெரிய காசு தேவையில்லை. ரப்பர் வளையம் போட்ட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று, இவ்வளவும் போதும். மீட்டரில் 40 முதல் 50 சதவீதம் காட்டினால் நிம்மதியாக இருங்கள். 60ஐத் தாண்டத் தொடங்கினால் ஜெல்லைக் காய வைக்க வேண்டிய நேரம். 30க்குக் கீழே இறக்கவும் தேவையில்லை, ரப்பர் பாகங்களுக்கு அது நல்லதில்லை. நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் நீலக் குருணையில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, தயவுசெய்து சமைக்கிற சட்டியில் போடாதீர்கள். அதற்கென்று ஒரு பழைய தகரத்தை ஒதுக்கி வையுங்கள். மின்சாரத்தில் இயங்கும் உலர் அலுமாரி வசதியானது, காசு இருக்கிறவர்கள் எடுக்கலாம், இல்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை.

அரிசிக்குள் போடச் சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். அரிசித் தூள் லென்ஸின் வளையங்களுக்குள் போய்விடும். தோல் உறைகளுக்குள்ளும் பஞ்சு வைத்த பைக்குள்ளும் நிரந்தரமாக வைத்திருப்பதும் கூடாது, அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பை என்பது கொண்டு போவதற்கு மட்டும்தான்.

அடுத்தது உப்பு. காலையில் டச் பே பக்கம் சூரிய உதயம் எடுக்கப் போகிறோம், உப்புவெளியில் கரைவலை இழுக்கும்போது நிற்கிறோம். திரும்பி வந்து பார்த்தால் லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய மங்கல் படிந்திருக்கும். பலர் அங்கேயே சேர்ட் நுனியால் துடைக்கிறார்கள். அது உப்புப் பளிங்கு, உலர்வாகத் தேய்த்தால் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊத வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை நல்ல தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் துடைக்க வேண்டும். உப்பு தண்ணீரில்தான் கரையும், கடையில் விற்கிற அல்ககோல் கலந்த திரவத்தில் சரியாகக் கரையாது. ஆகவே முதலில் தண்ணீர், அதற்குப் பிறகு அந்தத் திரவம். கரையோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே உவராக இருக்கும், குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். ட்ரைபொட்டின் கால்களைக் கடலுக்குள் இறக்கினால் அன்றைக்கே எல்லாப் பூட்டுகளையும் திறந்து கழுவிக் காய விடுங்கள். ஒரு நாள் விட்டால் மண்ணும் உப்பும் சேர்ந்து இறுகிவிடும்.

முன்னால் ஃபில்டர் போடுவதா இல்லையா என்று பெரிய விவாதமே நடக்கிறது. போட்டால் கூர்மை குறையும் என்கிறார்கள், மலிவான கண்ணாடியில் அது உண்மைதான். ஆனால் கடற்கரையில் நிற்கிற எங்களுக்கு நல்ல பாதுகாப்பு ஃபில்டர் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் முடிவு. இரவில் கோயில் திருவிழா எடுக்கும்போது மட்டும் கழற்றி வையுங்கள், விளக்குகளின் பிம்பம் திருப்பி விழுந்து படத்தில் பச்சைப் புள்ளிகளாக வரும்.

குளிரூட்டி அறையைப் பற்றியும் ஒரு சொல். இரவு முழுக்க ஏசி போட்ட அறையில் இருந்த கமராவை விடியற்காலையில் வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் பூத்துவிடும். பை மூடியபடியே ஒரு அரை மணித்தியாலம் வெளியில் இருக்கட்டும், அப்புறம் திறக்கலாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று புழுதியோடு அடிக்கும்போது வெளியில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். எதை எடுக்கப் போகிறோம் என்று யோசித்து வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, இனி எதை எடுக்கப் போகிறாய் என்கிற கேள்வி. கோணேசர் கோயில் கோபுரம், அது நிற்கிற சுவாமிமலையில் இருந்து கடல், வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் கமராவோடு வருகிற 18-55 மி.மீ. கிட் லென்ஸ் போதும் (மி.மீ. எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). பகல் வெளிச்சத்தில் எஃப் 8இல் வைத்து எடுத்துப் பாருங்கள் (எஃப் என்பது லென்ஸின் திறப்பளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் கூட உள்ளே போகும்), அதைக் குறைத்துப் பேச மனம் வராது. ஃபிரெடெரிக் கோட்டை மான்களுக்கும் அது போதும், அவை அவ்வளவு கிட்ட வரும். (அந்த மான்களைப் படத்துக்காகப் பிஸ்கட் காட்டிக் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே பொலித்தீனைத் தின்று அவதிப்படுகிற உயிர்கள் அவை.)

பத்திரகாளி அம்மன் கோயிலில் இரவு நேரம் முகங்களை எடுக்க ஆசை என்றால் கிட் லென்ஸ் தடுமாறும். அங்கே 50 மி.மீ. எஃப் 1.8 வேண்டும். கிட் லென்ஸ் 50 மி.மீ. பக்கத்தில் எஃப் 5.6 அளவில்தான் திறக்கும், அதோடு பார்த்தால் இது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கெனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். (எஸ்.டி.எம். என்பது போகஸ் மோட்டாரின் வகை) 2015இல் வந்தது, வெறும் 160 கிராம், புதிதாக எடுத்தாலும் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) பெரிய சென்சர் உள்ள கமரா வாங்கக் கடன் எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் இந்த லென்ஸைத் தங்கள் பழைய கமராவில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டுக்குள், நெருக்கமான மண்டபத்தில் என்றால் 50 இறுக்கமாக இருக்கும். விலை குறைந்த கெனன் கமராக்களில் இருக்கிற சின்ன சென்சரில் (ஏ.பி.எஸ்.-சி) அது 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு 24 அல்லது 35 பார்க்கலாம்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் களப்புகளில் கொக்கு, நாரை, கூழைக்கடா எடுக்கிறவர்களுக்கும், பங்குனி சித்திரையில் நீலத்திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்களுக்கும் தூர லென்ஸ் தேவை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு லென்ஸ் சேர்ந்த பொதியில் வருகிற கெனன் 75-300இல் கை அதிர்வைத் தாங்கும் வசதி (ஐ.எஸ்.) இல்லை, 300இல் படம் மென்மையாகிவிடும். அதற்குப் பதிலாக 2013இல் வந்த 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். பாவித்ததாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 375 கிராம்தான், சின்ன சென்சரில் 400 மி.மீ. அளவுக்குத் தூரம் கொடுக்கும். படகில் ட்ரைபொட் உதவாது. ஷட்டரை 1/1000 வினாடியிலோ அதைவிட வேகமாகவோ வையுங்கள், ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2022இல் ரூபா விழுந்த பிறகு புதுக் கமரா எங்களில் பலருக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கிற மாமா, சித்தப்பா அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் பாவித்த சாமான்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கெனனும் நிக்கோனும் 2018இல் இருந்து படிப்படியாகக் கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமராப் பக்கம் திரும்பிவிட்டதால், உள்ளே கண்ணாடி வைத்த நல்ல டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள் மலிவாக வெளியே வருகின்றன. டி.எஸ்.எல்.ஆருக்கான பழைய கெனன் ஈ.எஃப். லென்ஸ்கள், நடுவில் பூட்டுகிற அடப்டர் போட்டால், கெனனின் புதிய மிரர்லெஸ் வகையான ஆர்.எஃப். கமராவிலும் தானாகவே போகஸ் செய்யும். ஆகவே லென்ஸில் போடுகிற காசு வீணாகாது.

நிக்கோனில் ஒரு பொறி உண்டு. 50 மி.மீ. 1.8டி என்கிற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் போகஸ் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள்ளும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். டி7000 வரிசையில் மோட்டார் இருக்கிறது. நிக்கோனின் புதிய மிரர்லெஸ் வகையான இசட் கமராவுக்குப் போடுகிற எஃப்.டி.இசட். அடப்டரிலும் இல்லை. இதைச் சொல்லாமல் விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு பிள்ளை மாதக்கணக்கில் சேர்த்த காசு அது.

பாவித்த கமராவைப் பார்க்கும்போது ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை, எல்லாரும் கேட்கிறார்கள், நல்லது. எங்கள் ஊரில் அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது திருகாணிகளை. கமராவின் அடிப்பக்கத்திலும் லென்ஸ் பூட்டுகிற வளையத்திலும் உள்ள சின்னத் திருகாணிகளில் துரு இருக்கிறதா, பற்றரி அறைக்குள் இருக்கிற செப்புத் தகட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் துரு தெரிந்தால் உள்ளேயும் உப்பு போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் தடவைதான் அடித்தது என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் அதை வாங்க வேண்டாம்.

ட்ரோன் வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் பறக்க விடாதீர்கள். கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் இருக்கிற ஊர் இது. கோட்டைக்குள்ளும் இராணுவ முகாம் இருக்கிறது, கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று கவனம் வேண்டும்.

கடைசியாக, லென்ஸை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிற பழக்கம் எங்களுக்குள் வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு லென்ஸ் கைக்கு ஒத்துவருமா என்பது ஒரு கிழமை அதோடு திரிந்தால்தான் தெரியும், எத்தனை விமர்சனம் பார்த்தாலும் தெரியாது. என்னிடம் கெனனுக்கான 50உம் 55-250உம் இருக்கின்றன. வாங்க யோசிக்கிறவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள், கொண்டு போய்ப் பாவித்துப் பாருங்கள். நிக்கோன், சோனி வைத்திருக்கிறவர்களும் கொடுக்க விருப்பம் என்றால் கீழே கருத்தில் லென்ஸின் பெயரைப் போடுங்கள், நான் ஒரு பட்டியலாகச் சேர்த்து வைக்கிறேன். பெட்டி இல்லாதவர்கள் வரும்போது ஜெல் கொஞ்சம் என்னிடம் வாங்கிக்கொண்டு போகலாம்.